சிவப்புத் துணி கட்டாத மலை

போன வாரம் உங்கள்ல ஒருத்தர் எனக்கு போன் பண்ணீங்க. நம்ம கம்பெனி புரோகிராம்ல ஒரு ஓட்டை இருந்துச்சு, எவனோ அதைக் கண்டுபிடிச்சு உள்ள வந்து போய்க்கிட்டிருந்தான், ரெண்டே மணி நேரத்துல அடைச்சிட்டோம்ணே, இப்பதான் சாப்பிடக் கிளம்புறோம்னு சொன்னீங்க. குரல்ல அவ்வளவு சந்தோஷம். நான் போனை மேசை மேல வச்சிட்டேன். லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சு ஹலோ ஹலோன்னு கத்துனீங்க. லைனுக்கு ஒண்ணும் ஆகலை. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

அதான் இன்னைக்கு உங்களையெல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சிருக்கேன். புத்திமதின்னு நினைச்சு கொட்டாவி விடாதீங்க. நான் ரிட்டையர் ஆனவன், என் தப்பை மூடி மறைச்சு எனக்கு இனிமே ஆக வேண்டியது ஒண்ணுமில்ல. ஓட்டையை அடைச்ச சந்தோஷம் எனக்கும் ஒரு சாயங்காலம் இருந்துச்சு. மறுநாள் பத்து மணி வரைக்கும் இருந்துச்சு.

எண்பதுகளோட நடுவுல, கம்போங் ராஜா பக்கத்துல ஒரு தேயிலை எஸ்டேட்ல நான் ஆபீஸ் கிராணி, கணக்கெழுதுற வேலை. எஸ்டேட் பேரு வேணாம். அந்த மலையெல்லாம் இப்ப கோசும் தக்காளியும்தான். எஸ்டேட்டை நடத்துற துரை எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரைப் பாத்துட்டு வந்து, நமக்கும் ஒண்ணு வேணும்னாரு. வந்துச்சு. பச்சை எழுத்து, பெரிய பெட்டி, கரகரன்னு சத்தம் போடுற பிரிண்டர். பூஜை போட்டு பொட்டு வைக்கப் போனேன், திரையில வைக்காதேன்னு துரை தடுத்ததுனால பக்கவாட்டுல வச்சேன். ஈப்போவிலேருந்து வந்த ஒரு சீன வாலிபர் எனக்கு மூணு நாள் கத்துக் கொடுத்தாரு. மிச்சத்தை நானே புத்தகம் பாத்துப் படிச்சேன். கெட்டிக்காரன்னு பேரு வாங்கிட்டேன், அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்துச்சு.

அந்த மெஷினுக்கு முக்கியமான வேலை ஒண்ணே ஒண்ணுதான். தேயிலைக்குப் பூச்சி மருந்து அடிச்சா அந்த மலைக்குள்ள, அதாவது நம்பர் போட்ட அந்தத் தேயிலைத் துண்டுக்குள்ள, ஏழு நாளைக்கு யாரும் போகக் கூடாது. எந்த மலைக்கு என்னைக்கு மருந்து அடிச்சதுன்னு மெஷின்ல பதிவோம். காலையில அது ஒரு தாள் அடிச்சுக் கொடுக்கும், இன்னைக்கு எந்தெந்த மலை திறந்திருக்கு, எது மூடியிருக்குன்னு. பெரட்டுல, விடிகாலையில எல்லாரையும் நிறுத்தி ஆள் பிரிக்கிறப்ப, கங்காணி அந்தத் தாளைப் பாத்துத்தான் கொழுந்து வெட்டப் பொம்பளைங்களை அனுப்பணும்.

மெஷின் வர்றதுக்கு முந்தி இதுக்கு வேற வழக்கம் இருந்துச்சு. மருந்தடிக்கிற கூட்டம் வேலை முடிஞ்சதும் மலை மூலையில ஒரு கம்பு நட்டு, ஏழு முடிச்சுப் போட்ட சிவப்புத் துணியைக் கட்டிட்டு வரும். மருந்துக் கூட்டத்துக்குத் தலைவி பவுனம்மா தினமும் காலையில போயி ஒரு முடிச்சை அவுப்பாங்க. ஏழாவது முடிச்சு அவுந்தப்புறம் துணியை எடுப்பாங்க. துணி இருக்கிற மலைக்குள்ள கங்காணி இல்ல, துரையே சொன்னாலும் பொம்பளைங்க காலை வைக்க மாட்டாங்க. மெஷின் வந்தப்புறம் இது எதுக்கு, வர்ற வெள்ளைக்காரங்க பேய் ஓட்டுறோமான்னு கேக்குறாங்கன்னு துரை சொன்னாரு. ஸ்டோர் சாமான் லிஸ்டுலேருந்து சிவப்புத் துணியை அடிச்சது நான்தான். என் பேனாவால அடிச்சேன்.

ஓட்டை எங்க இருந்துச்சுன்னு கேளுங்க. அந்தக் காலத்து மெஷினுக்குத் தானா தேதி தெரியாது. சுவிட்சு போட்டதும், இன்னைக்கு என்ன தேதின்னு நம்மளைக் கேக்கும். நாம தட்டுறதுதான் தேதி. மருந்தடிச்சதைப் பதியுறப்ப அந்தத் தேதியையே அது எடுத்துக்கும். அப்ப யாராவது சுவிட்சை அணைச்சு, திருப்பிப் போட்டு, பத்து நாளைக்கு முந்தின தேதியைத் தட்டிப் பதிஞ்சா? நேத்து அடிச்ச மருந்து பத்து நாளைக்கு முன்னாடி அடிச்ச மாதிரி ஆயிடும். மூடியிருக்க வேண்டிய மலை திறந்திடும்.

இது எனக்குத் தெரியும். தெரிஞ்சது மட்டுமில்ல, நானே செஞ்சிருக்கேன். ஒரு தடவை மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சு, மலையிலேருந்து வர வேண்டிய மருந்தடிச்ச சீட்டெல்லாம் மூணு நாள் தாமதம். சரியான நாள்ல பதியணும்னு தேதியைப் பின்னாடி தள்ளிப் பதிஞ்சேன். அப்ப பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தான் எங்க வெளிக்கிராணி. மலையில வேலையை மேற்பார்வை பாக்குறவன். அட, இவ்வளவு சுலபமாண்ணேன்னான். நான் பெருமையா இன்னொரு தடவை செஞ்சு காட்டுனேன்.

அப்புறம் மனசுல உறுத்தி, ஈப்போகாரருக்கு எழுதிப் போட்டேன். அடுத்த டிஸ்கு அனுப்புறப்ப சரி பண்ணிடலாம்னு பதில் வந்துச்சு. அரை நாள் உக்காந்தா நானே சரி பண்ணியிருக்கலாம். இந்த மாசம் போகட்டும், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு நாலு மாசம் போயிடுச்சு. நம்ம ஆபீஸ்ல யாரு இதைச் செய்யப் போறான்னு ஒரு நெனப்பு.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் டிரஸ்ஸர் ஆபீசுக்குள்ள வந்தாரு. எஸ்டேட் ஆஸ்பத்திரியைப் பாத்துக்கிறவரு, அதிகம் பேச மாட்டாரு. ஒன்பதாம் நம்பர் மலையில கொழுந்து வெட்டுன மூணு பேரு வாந்தி, வேர்வை, வாயில எச்சி ஒழுகுது, அந்த மலைக்கு என்னைக்கு மருந்து அடிச்சீங்கன்னு கேட்டாரு. நான் மெஷினைப் பாத்து, ஒன்பது நாள் ஆச்சுன்னேன். அவரு தலையை ஆட்டுனாரு. கண்ணுமணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கிப் போயிருக்கு, ஒன்பது நாள் ஆன மருந்து இப்படிப் பண்ணாது, மெஷினை நம்பாதே, நல்லா பாருன்னாரு.

அந்த மூணு பேர்ல ஒருத்தி செல்வி, பவுனம்மாவோட மக. பத்தொன்பது வயசு இருக்கும். அம்மா மருந்து அடிக்கிற கூட்டம், மக கொழுந்து வெட்டுற கூட்டம். நல்லா பாடுவா. பெரட்டுக்கு வர்றப்ப பனியில ஆள் தெரியாது, பாட்டை வச்சுத்தான் செல்வி வர்றான்னு தெரியும்.

நான் பதிவைத் திறந்து ஒன்பதாம் நம்பரைத் தேடுனேன். போன வாரத் தேதி போட்டிருக்கு, ஆனா அந்த வரி திங்கக்கிழமை பதிஞ்சதுக்குக் கீழ உக்காந்திருக்கு. பழைய தேதி புதுசுக்குக் கீழ எப்படி வரும்? யாரோ தேதியை மாத்தித் தட்டியிருக்கான். நான் சாப்பிடப் போற நேரத்துல வெளிக்கிராணி மட்டும்தான் ஆபீஸ்ல இருப்பான்.

கூப்பிட்டுக் கேட்டேன். முகம் செத்துப் போச்சு. கொழுந்து முத்திக்கிட்டு வருது, வெட்டுற ரவுண்டு பிந்திடுச்சு, துரை தினமும் திட்டுறாரு, செவ்வாக்கிழமை அடிச்சதைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிப் பதிஞ்சேன், ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்னான். அவன் கெட்டவன் இல்ல. மூணு பிள்ளைக்காரன், வேலை போயிடுமோன்னு நடுங்குறவன்.

"எத்தனை தடவை செஞ்ச?"

"இந்த ஒரு தடவைதாண்ணே. சாமி சத்தியமா."

பயந்து நடுங்குறவன் கிட்ட எண்ணிக்கை கேட்டேன் பாத்தீங்களா, அது என் முதல் தப்பு. அவனுக்கு அப்ப வாயில வரக்கூடிய எண்ணிக்கை ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டாவது தப்பு அதை விடக் கேவலம். பதிவு என் கண்ணு முன்னாடி திறந்தே கிடந்துச்சு. ஒன்பதாம் நம்பர் வரியில விரலை வச்சேன், அந்த வரியை மட்டும் பாத்தேன், திரையை மூடிட்டேன். ஒரு வரி கீழ விரலை எறக்கியிருந்தா போதும்.

துரைகிட்டப் போய்ச் சொன்னேன். சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்னாரு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன்னேன். அப்ப நாளைக்கு வேலையை நிறுத்த வேணாம், பேக்டரிக்குக் கொழுந்து போகணும்னாரு. நானும் சரின்னுட்டேன். நிறுத்தணும்னு எனக்குத் தோணவே இல்ல தெரியுமா. எனக்கு ஓட்டையை அடைக்கிறதுலதான் கண்ணு.

உக்காந்து எழுதுனேன். கடைசியா பதிஞ்ச தேதிக்கு முந்துன தேதியைக் கொடுத்தா வாங்கக் கூடாதுன்னு நாலஞ்சு வரி. ஒவ்வொரு தப்பான தேதியாத் தட்டிப் பாத்தேன், ஒண்ணையும் அது வாங்கலை. அஞ்சு மணி இருக்கும். வாசல்ல பவுனம்மா வந்து நின்னாங்க. மருந்து நாத்தம் ஆபீசுக்குள்ள வரக் கூடாதுன்னு அவங்க எப்பவும் வாசப்படிக்கு வெளியிலதான் நிப்பாங்க, பூட்சைக் கழட்டி கையில வச்சுக்கிட்டு. செல்விக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன். ஊசி போட்டப்புறம் வாந்தி நின்னுடுச்சு, கஞ்சி குடிச்சா, லைன் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்னாங்க. அப்புறம் கேட்டாங்க.

"கிராணி, ஸ்டோர்ல கொஞ்சம் சிவப்புத் துணி இருந்தா கொடுங்க. இந்த வாரம் நாங்க அடிச்ச மலையிலெல்லாம் நானே போயி கட்டிடறேன்."

நான் திரும்பிக்கூட பாக்கலை. திரையைக் காட்டுனேன்.

"வேணாங்கக்கா. சரி பண்ணிட்டேன். இனிமே மெஷினை யாரும் ஏமாத்த முடியாது."

ஒன்பது மட்டும் இல்ல கிராணின்னு அவங்க ஆரம்பிச்சாங்க. நாளைக்கு வந்து சொல்லுங்கக்கா, இப்ப தலைக்கு மேல வேலைன்னுட்டேன். அவங்க பூட்சை மாட்டுனாங்க. அப்புறம் போயிட்டாங்க. எந்த மலைக்கு என்னைக்கு மருந்து அடிச்சதுன்னு அந்த எஸ்டேட்லயே சரியாத் தெரிஞ்ச ஒரே ஆளு அவங்கதான். அந்த ஆளைத்தான் நான் நாளைக்கு வான்னு அனுப்பிட்டேன்.

டிரஸ்ஸர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாரு. அந்த மூணு பேரும் வீட்டுல இருந்தா நல்லது, வேலைக்குத்தான் வருவேன்னு வந்தா மருந்தே படாத சுத்தமான மலையாப் பாத்து விடணும், இன்னொரு தடவை பட்டா உடம்பு தாங்காதுன்னு. மறுநாள் மத்த ரெண்டு பேரும் வரலை. செல்வி வந்துட்டா. வீட்டுல படுத்திருந்தா அன்னைக்குப் பேரு விழாது, கூலி கிடையாது, அதுக்காக வந்தா. அன்னைக்கு அவ பாடலை.

நான் ரொம்ப அக்கறையா நடந்துக்கிட்டேன். அதைத்தான் என்னால இன்னும் தாங்க முடியலை. மெஷின்ல தேடுனேன், ரொம்ப நாளா மருந்து படாத மலை எதுன்னு. பதினாலாம் நம்பர். பதினாறு நாள் ஆச்சுன்னு காட்டுச்சு. கங்காணியைக் கூப்பிட்டு, செல்வியையும் அவ கூட இன்னும் பத்துப் பேரையும் பதினாலுக்கு விடுங்க, அதுதான் சுத்தமான மலைன்னேன். தாள்ல இருக்கான்னாரு கங்காணி. இருக்குன்னேன். மருந்துக் கூட்டம் அதுக்கு முந்தியே தண்ணி ரொப்ப லோரியில போயிடுச்சு. பவுனம்மா அதுல போயிட்டாங்க.

பதினாலாம் நம்பருக்கு அந்தப் புதன்கிழமைதான் மருந்து அடிச்சிருக்காங்க. ரெண்டு நாள்தான் ஆச்சு. வெளிக்கிராணி கை போனபடி ஒரு பழைய தேதியைத் தட்டியிருக்கான். பதிவுல ஒன்பதாம் நம்பருக்கு ஒரு வரி கீழ.

காலையில தேயிலைச் செடியில பனித்தண்ணி நிக்கும். இடுப்புக்குக் கீழ பொம்பளைங்க தொப்பலா நனைஞ்சிடுவாங்க. இலையில காஞ்சு கிடந்த மருந்து அந்தத் தண்ணியில கரைஞ்சு உடம்புல இறங்கிடுச்சு. பத்து மணிக்கு, கூட நின்ன பத்துப் பேரையும் கீழ இறக்கி விட்டுட்டுக் கங்காணி ஓடி வந்தாரு. நாங்க போறப்ப செல்வி நிரைக்கு நடுவுல கிடக்கிறா, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது, மூச்சுக் கொர்கொர்ங்குது. டிரஸ்ஸர் கையில மூணே மூணு விஷமுறிவு ஊசி. மிச்சத்தையெல்லாம் முந்தின நாளே போட்டு முடிச்சாச்சு.

லேண்ட்ரோவர்ல தூக்கிப் போட்டுக்கிட்டு டவுனுக்கு ஓட்டுனோம். அவ தலை என் மடியில. கோலா தெர்லாவுல ரோட்டோரமா லோரிங்க காய்கறி ஏத்திக்கிட்டு நிக்குது, வழி இல்ல. டிரைவர் ஹாரனை அமுக்குறாரு, ஒரு லோரி மெதுவா பின்னாடி எடுக்குது, அடுத்தவன் இன்னும் கூடையை இறக்கலை. டிரஸ்ஸர் அவ வாயில வாய் வச்சு ஊதிக்கிட்டே இருந்தாரு. கியா பார்ம் மேட்டுல ஏறுறப்ப ஊதுறதை நிறுத்துனாரு. அவ கண்ணை மூடிவிட்டாரு.

வண்டியை நிறுத்தச் சொல்லி நான் இறங்குனேன். டிரஸ்ஸர் அவளை ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. எனக்கு அப்பதான் மண்டையில இறங்குச்சு. பதினாலு தப்புன்னா, மத்ததுல எது சரி? இன்னும் நூறு பொம்பளைங்க மலையில நின்னுக்கிட்டிருக்காங்க, எல்லாரும் என் தாளை நம்பி. ஒரு காய்கறிக் கடை முதலாளி, சீனத் தவுக்கேகிட்ட போனைக் கேட்டு ஆபீசுக்கு அடிச்சேன். துரை எடுத்தாரு. செல்வி போயிட்டா, எல்லா மலையிலேருந்தும் ஆளை இறக்குங்கன்னேன்.

"எந்தெந்த மலைன்னு சொல்லு, இறக்கிடலாம்."

"தெரியாது துரை. தெரியாததுனாலதான் எல்லா மலையும்."

அவரு தயங்குனாரு. அவ்வளவு கொழுந்தும் வீணாப் போகும்னு முனகுனாரு. நான் டாக்டர் உத்தரவு போட்டுட்டாருன்னு பொய் சொன்னேன். டாக்டரை நான் பாக்கவே இல்ல. மெஷின் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்க, அந்தத் தாளை யாரும் கையில வச்சிருக்கக் கூடாதுன்னு கத்துனேன். கோசைப் பேப்பர்ல சுத்திக்கிட்டிருந்த தவுக்கே நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. போன் காசு வாங்க மாட்டேன்னுட்டாரு.

ஆட்களை இறக்குனாங்க. அதுல ஒரு மலையில நின்ன எட்டுப் பேருக்கு அப்பவே தலை சுத்தல் ஆரம்பிச்சிருந்துச்சு, எல்லாரும் பொழைச்சாங்க. இன்னும் ஒரு மணி நேரம் நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு டிரஸ்ஸர் சொன்னதை நான் உங்ககிட்ட சொல்லலை. வியாழக்கிழமை மத்தியானமே அந்த போனை நான் பண்ணியிருக்கணும். அப்ப எனக்கு எல்லாம் தெரியும், ஒண்ணைத் தவிர. எனக்குத் தெரியாதது எவ்வளவுன்னு தெரியலை.

ஓட்டையை அடைக்கிறது உங்க வேலையில பாதிகூட இல்ல, கேட்டுக்குங்க. திறந்திருந்த நாள்ல உள்ள என்ன வந்துச்சு, எதைத் தொட்டுச்சு, அதைப் பாக்கிற வரைக்கும் அந்த மெஷின் சொல்ற ஒரு வார்த்தையும் நம்பாதீங்க. வேலையை நிறுத்துங்க. மேல இருக்கிறவரு திட்டுவாரு, திட்டட்டும் லா. அதோட வெளியில, வாசப்படிக்கு அந்தப் பக்கம், மெஷினைத் தொடாத ஒரு ஆளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். அந்த ஆளை உள்ள கூப்பிடுங்க.

விசாரணை வந்துச்சு. வெளிக்கிராணிக்கு வேலை போச்சு. ஒரு தடவையில்ல, அஞ்சு தடவைன்னு அங்கதான் ஒத்துக்கிட்டான். என்னை யாரும் ஒண்ணும் கேக்கலை. ஓட்டையை ஒரே நாள்ல அடைச்ச ஆளுன்னு ரிப்போர்ட்டுல எழுதி, பெரிய ஆபீசுல கம்ப்யூட்டர் வேலைக்கு மாத்திவிட்டாங்க. உங்க பிரிவு அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. இதை நீங்க யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க.

மாத்தலாகிப் போறதுக்கு முன்னாடி நடந்ததையும் சொல்லிடறேன். செல்வியை அடக்கம் பண்ணுன மறுநாள் எனக்கு மலைங்களோட உண்மையான லிஸ்ட் வேணும். கேக்க ஒரே ஒரு ஆளுதான். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்? கம்போங் ராஜா கடையில சிவப்புத் துணி ஒரு கட்டு வாங்கிக்கிட்டு லைன் வீட்டுக்குப் போனேன். பவுனம்மா துணியைப் பாத்தாங்க, என்னைப் பாக்கலை. எழுந்து பூட்சைப் போட்டாங்க. நான் பேப்பரை எடுத்தேன், வேணாம், கூட வாங்கன்னாங்க.

ஒரு மலை விடாம நடந்தோம். ஒவ்வொண்ணுலயும் நின்னு, இது செவ்வாக்கிழமை, இது வியாழக்கிழமைன்னு நாளைச் சொல்லி, துணியைக் கிழிச்சு, மிச்சம் எத்தனை நாளோ அத்தனை முடிச்சுப் போட்டுக் கட்டுனாங்க. ஒரு தடவைகூட யோசிக்கலை. நான் அக்கான்னு ஒரு தடவை ஆரம்பிச்சேன், முடிச்சுப் போடுற கை நிக்கலை, நானும் நிறுத்திட்டேன். கடைசியா பதினாலாம் நம்பருக்கு வந்தோம். செல்வி விழுந்த இடத்துல அவ கொழுந்து வெட்டுற கத்திரி இன்னும் கிடந்துச்சு. கம்பை நான் ஊனிட்டுத் துணிக்காகக் கையை நீட்டுனேன்.

அவங்க மிச்சத் துணியைச் சுருட்டி என் கையில வச்சாங்க.

"இங்க வேணாம், கிராணி. இது எல்லாருக்கும் தெரியும்."